தாய் கற்ற மருத்துவம்



அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960-ஆம் ஆண்டு டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னரும் அவருடைய துணைவர்களும் நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தத்தக்க டெஃப்லான் குழாய் ஒன்றை அமைத்தனர். அதுவரை சிறிது காலத்திற்கே உதவிய டயாலிசிஸ், அதனால் ஆண்டுக்கணக்கில் உயிர் காக்கும் சிகிச்சையாயிற்று. ஆனால் இயந்திரங்களோ சில, நோயாளிகளோ பலர். யாருக்கு இடமளிப்பது எனத் தீர்மானிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் சமயப் போதகர் ஒருவரும் அமர்ந்திருந்தார். நான் அவ்விடத்தில் இருந்திருந்தால் யாது செய்திருப்பேன் என எண்ணும்போது உள்ளம் நடுங்குகிறது.

1964-இல் பள்ளி மாணவி ஒருத்திக்கு அக்குழு இடமளிக்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட் பாப், தம் குழுவினருடன், வீட்டிலேயே இயக்கத்தக்க இயந்திரம் ஒன்றைச் சில மாதங்களில் அவளுக்காக உருவாக்கினார். தாய் உடனிருந்து உதவக் கற்றுக்கொண்டார். இரவில் சிகிச்சை, பகலில் படிப்பு என அவள் மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தாள். ஒரு குடும்பத்திற்குக் கற்பித்ததால் குழுவின் தீர்ப்பு வலுவிழந்து போயிற்று!

இன்று வீட்டில் செய்யத்தக்க முறைகள் இரண்டு. இரத்த டயாலிசிஸ் செய்ய, ஊசி குத்தவும், எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து வைக்கவும், இயந்திரம் எச்சரிக்கை ஒலி எழுப்புங்கால் பதறாமல் செயற்படவும் பல வாரங்கள் பயில வேண்டும். மற்றொன்று, 1976-இல் டெக்சாஸில் பாபோவிச், மான்கிரீஃப் ஆகியோர் அறிவித்தது. வயிற்றின் உட்சவ்வே இதில் வடிகட்டி. பெரும்பாலும் நாளொன்றுக்கு நான்கு முறை, ஏறத்தாழ 2 லிட்டர் திரவத்தைக் குழாய் வழியே செலுத்தி, சில மணி நேரம் வைத்திருந்து வடிக்க வேண்டும். கையால் செய்யும் இம்முறைக்கு இயந்திரம் தேவையில்லை. முதற்பாடம் கை கழுவுதல். வடியும் திரவம் கலங்கியிருந்தாலோ, வயிறு வலித்தாலோ, தொற்று எனக் கருதி உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இம்முறைகள் எல்லாருக்கும் பொருந்தா. மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அச்சம் இயல்பே, முதல் ஊசிக்கு அஞ்சாதவர் யார்? எனினும், முழுச் சுமையும் மனைவி அல்லது தாய் ஒருவர் மீதே விழுந்தால் அவரும் நாளடைவில் தளர்ந்துபோவார். ஆதலால் வீட்டில் இருவரேனும் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளியும் தம்மால் இயன்றதைத் தாமே செய்யட்டும். உங்கள் இல்லத்திற்கு இச்சோதனை வருமாயின், "எங்களுக்கும் கற்றுத் தருவீர்களா?" என்று மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள்.