‘முடியாது’ என்று கற்பிக்காதீர்!



கடந்த வாரம் பெற்றோர் புலனக் குழு ஒன்றில் ஒரு காணொளி வலம் வந்தது. பாலைநிலத்தில் பாறைகள் தாமாகவே நகர்கின்றனவாம். பின்னால் நீண்ட தடங்கள். தலைப்பு: “அறிவியலால் விளக்கவே முடியாத மர்மம்!” கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. “இதை யாராவது ஆராய்ந்தார்களா?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆராய்ந்தார்கள். விடையும் கண்டார்கள்.

அப்பாறைகள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவிலுள்ள ரேஸ்டிராக் பிளாயா என்னும் வறண்ட ஏரிப்படுகையில் கிடக்கின்றன. 1948 முதல் நிலவியலாளர்கள் அவற்றைப் பற்றி எழுதி வந்தனர். கடுங்காற்றே காரணம் என்றனர் சிலர். தடித்த பனிக்கட்டி என்றனர் வேறு சிலர். ஆயினும், பாறை நகர்வதை நேரில் கண்ட அறிவியலாளர் எவருமிலர்.

ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் ஆகியோரைக் கொண்ட ஆய்வுக்குழு, இடங்காட்டிக் கருவி பொருத்திய 15 கற்களை அங்கே வைத்துப் பொறுமையோடு காத்திருந்தது. 2013 டிசம்பரில் அவர்களின் கண்ணெதிரிலேயே பாறைகள் நகர்ந்தன! ஆய்வு முடிவு 2014இல் வெளியானது.

படுகையில் ஆழமின்றித் தேங்கிய நீர், குளிர்கால இரவில் உறைகிறது. பனித்தகட்டின் தடிப்பு வெறும் 3 முதல் 6 மில்லிமீட்டர். முற்பகல் வெயிலில் அத்தகடு உடைகிறது. நொடிக்கு 4 அல்லது 5 மீட்டர் வேகத்தில் வீசும் மென்காற்று, மிதக்கும் அகன்ற தகடுகளைத் தள்ளுகிறது. தகடுகள் ஈரச் சேற்றின் மேலுள்ள பாறைகளைத் தள்ளுகின்றன. நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் நகர்வு, அவ்வளவே. நீர் வற்றியபின் தடம் மட்டும் எஞ்சுகிறது.

இனி, என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2006இல் இதே பாறைகளின் படத்தை வகுப்பில் காட்டி, “இதை அறிவியலால் விளக்க முடியாது” என்றேன். ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, யாராவது அங்கேயே காத்திருந்து பார்த்தார்களா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் அமர்ந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. எட்டாண்டுகளுக்குப் பின் வந்த விடை, அவன் சொன்ன வழியில்தான் வந்தது!

“மர்மம் என்றால்தானே பிள்ளைகளுக்கு ஆர்வம் பிறக்கும்?” என்பர் சிலர். ஆம், ஆர்வம் பிறக்கும். “விளக்கவே முடியாது” என்று சொன்ன கணத்தில் அது மடியவும் செய்யும். “விளங்கிவிட்டால் வியப்புப் போய்விடுமே?” என்பர் வேறு சிலர். சன்னல் கண்ணாடி போன்ற பனித்தகடு கனத்த பாறையைத் தள்ளுவது வியப்பில்லையா? தானாக நகர்ந்தது என்பதைவிட இதுவன்றோ பெருவியப்பு!

விடை காணாத புதிர்கள் இன்றும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டா. ஆனால், “இன்னும் தெரியவில்லை” என்பது வேறு. “தெரியவே முடியாது” என்பது வேறு. முன்னது நேர்மை, கதவைத் திறந்து வைப்பது. பின்னது சோம்பல், கதவைத் தாழிடுவது. எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடும் நாம், இந்தப் பிழையைத் திருத்தாமல் விடலாமா?

அடுத்த முறை அத்தகைய காணொளி வந்தால் அதை அப்படியே பிறருக்கு அனுப்பாதீர்கள். பிள்ளையை அருகே அழைத்து, “இதை எப்படிச் சோதிக்கலாம்?” என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையைக் கேட்டுச் சிரித்துவிட மட்டும் வேண்டா.