குடத்து நீரும் முதலுதவிப் பெட்டியும்

குளிர்காலக் காயங்களுக்கான முதலுதவிப் பட்டியல் என்று நாம் வாசிப்பவை பெரும்பாலும் பனி பொழியும் நாடுகளில் எழுதப்பட்டவை. விரல் உறைந்து போதல், பனியில் வழுக்கி எலும்பு முறிதல் ஆகியவை அவற்றின் கவலைகள். மும்பை சாந்தாகுரூஸில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 பாகை செல்சியஸ்தான். அதுவும் 1962 சனவரியில். இந்நகரில் உடலைப் புண்ணாக்குவது குளிரன்று. குளிருக்கு அஞ்சி நாம் தேடிச் செல்லும் சூடு.

வாளியில் இடும் ஹீட்டர் கம்பி, அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்த வெந்நீர்ப் பாத்திரம், தெருமுனையில் குப்பையைக் கொளுத்திக் குளிர்காயும் தீ. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கெய்சர் பொருத்திய குளியலறை உள்ள வீடுகளுக்கு இவை பெரிதும் அயலானவை. தாராவியிலோ சமையலும் குளியலும் குழந்தையின் உறக்கமும் பெரும்பாலும் ஒரே அறைக்குள். விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டுசென்று விற்கும் நம் தமிழ்க் குடும்பங்களின் அடுப்படியை நினைத்துப் பாருங்கள்.

சூடுபட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஓட வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். பனிக்கட்டி, பற்பசை, மஞ்சள், மை எதுவும் கூடாது. சரி, குழாயில் நாளுக்குச் சில மணி நேரமே நீர் வரும் சந்தில் அந்த 20 நிமிடம் எங்கிருந்து வரும்? நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என மெல்ல ஊற்றினாலும் 20 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேல். அது அவ்வீட்டின் அன்றைய சமையல் நீர். பற்பசை தடவும் தாயை அறியாதவள் என்று நம் விழிப்புணர்வுக் கூட்டங்கள் கடிந்துகொள்கின்றன. பற்பசை அவள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது; நீர் இல்லை.

பட்டறைகளின் நிலை வேறு வகை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் வேண்டும் என்றது. ஆனால் மின்விசை உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அச்சட்டம் அதைத் தொழிற்சாலை என்றது. 2020இன் பணியிடப் பாதுகாப்பு விதித்தொகுப்பும் பொதுவாக 10 பேரிலிருந்தே தொடங்குகிறது. ஆறேழு பேர் தைக்கும், உருக்கும், வார்க்கும் தாராவி மாடியறை எந்தக் கணக்கிலும் வராது. இத்தனைக்கும் இந்தியாவின் முதல் தோல் வங்கி 2000இல் அமைந்தது அருகிலுள்ள சயான் மருத்துவமனையில். தோலை ஒட்டவைக்கும் அறிவு அங்கே இருக்க, தோலைக் காக்கும் நீர் இங்கே இல்லை.

ஆகவே, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பெட்டி தயாரிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஞ்சைக் குறையுங்கள், அது புண்ணில் ஒட்டும். ஒட்டாத கட்டுத்துணியும், வெடித்த குதிகாலுக்கு வாசலினும் போதுமான அளவு வையுங்கள். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே ஹீட்டர் வாளியைத் தொட வேண்டும் என்று பெட்டியின் மூடியில் தமிழிலும் இந்தியிலும் மராட்டியிலும் எழுதுங்கள். குழந்தைக்குச் சுட்டால் புண்ணை மட்டும் குளிர்வித்து, மற்ற உடலைப் போர்த்தியபடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள்.

பெட்டியோடு மூடியுள்ள 20 லிட்டர் கேன் ஒன்றையும் சந்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றினால் போதும்; பழைய நீர் துணி துவைக்க ஆகும்.