ஜேசிபி வருமுன் ஒரு குச்சி ஒடியுங்கள்

கிழக்குத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் காலையில் நடக்கப் போகிறவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரில் பில்டரின் பலகை ஏறிவிட்டால் அடுத்த சில மாதங்களில் அந்த வீடு இருக்காது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு வாங்கி, பி.எஃப். பணத்தைப் போட்டுக் கட்டிய வீடுகள் அவை. கட்டியவர்கள் ரயில்வேக்காரர்கள், விமானப்படையில் இருந்தவர்கள், வாத்தியார்கள், என்னைப் போலத் தபால் இலாகாவில் குப்பை கொட்டியவர்கள். முன்னால் கொஞ்சம், பின்னால் நிறைய மண் விட்டுத்தான் கட்டினார்கள். அந்த மண்ணில் வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று பழுத்துக்கொண்டிருந்தது.

வீட்டை ஃப்ளாட் கட்டக் கொடுப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, மூட்டு வலியோடு மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். என் வழக்கு வேறு. தேக்கு நிலை, ஜன்னல் கம்பி, பழைய மோட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் விலை பேசுகிறோம். கொல்லையில் நிற்கிற மல்பெரியையும் மாதுளையையும் மட்டும் ஜேசிபிக்கு விட்டுவிடுகிறோம். முப்பது வருஷம் காய்த்த செடியை அது ஒரு காலையில் முடித்துவிடும்.

போன ஆடியில் பக்கத்துத் தெரு மாமி வீட்டுக்குப் போனேன். ஒப்பந்தம் ஆகி, சாமான் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்ற மல்பெரியைக் காட்டி, நாலு குச்சி வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “ஏன்டிம்மா, குச்சியைப் போய்க் கேக்கறே? பழம் வேணும்னா பறிச்சுண்டு போ” என்றார். பழம் நாளைக்கு இருக்காது மாமி, குச்சி இருக்கும் என்றேன். “எடுத்துக்கோ, எல்லாம் போகப் போறதுதானே” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, “எனக்கும் ஒண்ணு வெச்சுக் குடு. புது ஃப்ளாட்டிலே பால்கனி உண்டாம்” என்றார்.

முருங்கையைப் போத்து வெட்டி நடத் தெரியாதவர் தமிழ்நாட்டில் யார்? பூவரசு, கிளுவை, கல்யாண முருங்கை எல்லாம் அப்படித்தான் வேலி ஓரமாகப் பெருகின. மல்பெரியும் அதே ஜாதி. தருமபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் ஏக்கர் ஏக்கராகக் குச்சி நட்டுத்தான் தோட்டம் போடுகிறார்கள். அவர்கள் நடும், மைசூரில் உருவான வி-1 போன்ற ரகங்கள் இலைக்காகத் தேர்ந்தெடுத்தவை. பழத்துக்கு நம் தெருவில் காய்த்துப் பார்த்த செடியே நல்லது. விதை போட்டால் தாயைப் போலப் பிள்ளை வரும் என்று உத்தரவாதம் இல்லை. குச்சி நட்டால் வருவது அதே செடி.

பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. பச்சைக் கொழுந்தும் வேண்டாம், கிழட்டுக் கட்டையும் வேண்டாம், பழுப்பேறிய நடுத்தரக் கிளை போதும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் நேராகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்று குழப்பம் வராது. தலைகீழாக நட்ட குச்சி பிழைக்காது. இலைகளைக் கிள்ளிவிட்டு இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். தொட்டிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அரை லிட்டர் ஆவின் பால் கவரைக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டால் போதும். உள்ளே பாதி செம்மண், பாதி மணல், ஒரு கை மக்கிய நார்க்கழிவு. சாணி உரத்தை அள்ளிப் போட்டுவிட வேண்டாம். வேரில்லாத குச்சிக்குச் சாப்பாடு தேவையில்லை, போட்டால் அழுகல்தான் வரும். நேர் வெயில் படாத இடம், மோட்டார் ரூம் நிழல் மாதிரி, பார்த்து வைக்க வேண்டும். கற்றாழைச் சாறு, தேன், பட்டைப் பொடி என்று யூடியூபில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். மல்பெரிக்கு இது எதுவும் வேண்டாம்.

பலரும் ஏமாறுவது ஓர் இடத்தில். பத்துப் பன்னிரண்டு நாளில் குச்சி துளிர் விடும். உடனே வேர் பிடித்துவிட்டது என்று வெயிலுக்கு எடுத்து வைப்பார்கள், மூன்றாம் நாள் துளிர் கருகிவிடும். முதல் துளிர் வருவது குச்சிக்குள் ஏற்கெனவே இருந்த சேமிப்பில், வேர் அதற்குப் பிறகுதான். சந்தேகம் இருந்தால், ஒரு குச்சியை மட்டும் மேல்பாதி அறுத்த தண்ணீர் பாட்டிலில் நட்டு, சுற்றிலும் செய்தித்தாள் கட்டி வையுங்கள். தாளை விலக்கினால், பாட்டில் சுவரை ஒட்டி வெள்ளை நூல் போல வேர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அது தெரிகிறவரை மற்றதையும் நகர்த்தக் கூடாது.

கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சீமை அத்தி வேறு கதை. அத்தி குச்சியிலேயே வரும். மாதுளை வரும், ஆனால் வீட்டில் நிறையக் குச்சி வீணாகும். கொய்யா வீட்டுக் கைப்பக்குவத்துக்கு மசியாது. அத்தி தவிர மற்றவற்றுக்கு விண்பதியம்தான் வழி. விரல் பருமனான கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுக்க வேண்டும். உள்ளே வழவழவென்று ஒரு படலம் இருக்கும், அதையும் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டை மறுபடி கூடிக்கொள்ளும். ஊறவைத்துப் பிழிந்த நார்க்கழிவை அதன் மேல் பொத்தி, பாலிதீன் தாளால் சுற்றி, இரு முனையும் காற்றுப் புகாமல் கட்டிவிட்டால் ஆயிற்று. வேரிலிருந்து ஏறும் தண்ணீர் உள்கட்டை வழியாகப் போவதால் கிளை வாடாது. இலை தயாரிக்கும் சர்க்கரை பட்டை வழியாகக் கீழே இறங்க வேண்டியது, வழி அடைபட்டு வளையத்துக்கு மேலேயே தேங்குகிறது. வேர் தூண்டும் ஆக்சின் என்ற சுரப்பும் அங்கேயே சேருகிறது. அந்த இடத்தில் வேர் கிளம்பும். நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாள் ஆகும். பாலிதீனுக்குள் வேர் பழுப்பேறித் தெரிந்ததும் கட்டுக்குக் கீழே வெட்டிக் கவரில் வைத்துவிடலாம்.

இந்த அறுபது நாள்தான் என் கட்டுரையின் கணக்கு. இடிக்கிற நாள் காலையில் வந்து “ஐயோ, அந்தக் கொய்யா!” என்றால் ஒன்றும் செய்ய முடியாது. பில்டரிடம் கையெழுத்துப் போட்டு, வாடகை வீடு பார்த்து, சாவி கொடுப்பதற்குள் எப்படியும் மூன்று நாலு மாதம் ஓடுகிறது. பதியம் போட அந்தக் காலம் தாராளம். நம் ஊருக்கு ஆடி, ஆவணி தோதான மாதங்கள். கத்திரி வெயில் போய், சாயங்கால மழை எட்டிப் பார்க்கும், காற்றில் ஈரம் இருக்கும். புரட்டாசியில் பிரித்துக் கவரில் வைத்துவிட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன் செடி நிலைத்துவிடும்.

நர்சரியில் வாங்கிக்கொண்டால் போகிறது என்பார்கள். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலும் வேளச்சேரி சாலையிலும் அழகான செடிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் வாங்குகிறவள்தான். ஆனால் அங்குள்ள பல செடிகள் ஆந்திரத்தின் கடியம் பக்கத்திலிருந்து, கோதாவரிக் கரையின் களிமண் உருண்டையோடு லாரியில் வருகிறவை. நம் சரளை கலந்த செம்மண்ணும் உப்புப் படிகிற போர் தண்ணீரும் அவற்றுக்குப் புதிது. மாமி வீட்டு மல்பெரி இதே தண்ணீரைக் குடித்து, இதே மே மாதங்களைப் பார்த்துத் தேறியது. ப்ளூபெர்ரி கேட்கிறவர்களும் வந்துவிட்டார்கள். அதற்குப் புளிப்பு மண் வேண்டும், குளிர்காலம் வேண்டும். தை மாத விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கிற தாம்பரத்தில் அந்தச் செடிக்கு என்ன வேலை?

நமக்கென்று புதர்ப்பழம் இல்லாமலில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தபோது, சேலையூர்க் காட்டில்தான் இடம் பிடித்தது. அந்த 365 ஏக்கர் வளாகத்திலும் நன்மங்கலம் காப்புக்காட்டிலும் இன்றும் முட்புதர்க்காடு மிச்சமிருக்கிறது. களா, காரை, சூரை, இலந்தை எல்லாம் இந்த நிலத்தின் பிள்ளைகள். களாக்காய் ஊறுகாய் தெரிந்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. களா குச்சியில் எளிதில் வராது. பழுத்த பழத்திலிருந்து எடுத்த விதையை ஈரம் காயுமுன் போட்டால் முளைக்கும். காட்டுக்குள் போய் வெட்டாதீர்கள், அது குற்றம். பழைய வீடுகளின் வேலியில் நிற்பதைக் கேட்டு வாங்கினாலே போதும்.

கொடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குச்சியோடு பூச்சியையும் கொடுத்துவிடக் கூடாது. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே வருஷத்தில் தமிழகத்தின் பப்பாளியையும் மல்பெரியையும் ஒரு வழி பண்ணியது. 2010-ல் புவேர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. இலைக்காம்பு இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருந்தால் அந்தக் கிளையைத் தொடாதீர்கள்.

ஒரே செடி பல வீட்டில் இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது, என் தோழியின் பார்படாஸ் செர்ரிப் புதர் தண்ணீரில் நின்றே செத்தது. அதில் போட்ட பதியம் ஒன்று மேட்டுப் பகுதியான சேலையூரில் இருந்தது. அடுத்த வருஷம் அதிலிருந்து மறுபதியம் போய், இப்போது அவள் வீட்டு வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பறிக்கிறார்கள். வெள்ளம் போன மறு வருஷம் வர்தா புயல் வந்தது. எந்தக் காம்பவுண்டில் எது மிஞ்சும் என்று நம் ஊரில் யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

2025-ல் தமிழக அரசு தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் பப்பாளி, கொய்யா, எலுமிச்சைச் செடிகளைத் தொகுப்பாகக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். மாநகராட்சி இதற்கு மேல் ஒன்று செய்யலாம். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அதன் பூங்காக்களில் குரோட்டன்ஸ் வரிசைக்குப் பஞ்சமில்லை. அந்த வரிசையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மல்பெரி, செர்ரி, மாதுளைத் தாய்ச்செடிகள் வைக்கட்டும். ஆடியில் கவாத்து செய்கிற குச்சிகளைக் குப்பை லாரியில் ஏற்றாமல் வாசலில் வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போவார்கள். பழத்தைத் திருடுவார்கள், கறை படியும் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகள் பழம் திருடாத பூங்கா எதற்கு?

மாநகராட்சிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நம் குடியிருப்போர் நலச்சங்கங்கள் வருகிற ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குச்சி மாற்றும் சந்தை ஒன்று நடத்தலாம். வீட்டை இடிக்கக் கொடுக்கப்போகும் குடும்பங்களை முதலில் அழைத்து, அவர்கள் செடிகளுக்கு இந்த ஆனியிலேயே பதியம் கட்டிவிடுங்கள். ஒரு மேஜை, கொஞ்சம் பால் கவர், எந்த வீட்டுச் செடி என்று எழுதி ஒட்ட ஒரு மார்க்கர் பேனா. இவ்வளவுதான் செலவு.