கடிவாய்க்கும் மருந்துக்கும் நடுவே

நெல்லைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலத்திலேயே பாம்பு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. குதிர் இருந்த இடத்தில் எலி இருந்தது. எலியைத் தேடி நல்ல பாம்பும் விரியனும் சாரையும் வந்தன. மாட்டுக்குப் போட்ட வைக்கோற்போரும் அடுப்புக்கு அடுக்கிய விறகும் வறட்டிக் குவியலும் அவற்றுக்குத் தங்குமிடமாயின. காட்டை அழித்ததால் பாம்பு ஊருக்குள் புகுந்துவிட்டது என்று இப்போது அடிக்கடி எழுதுகிறார்கள். யானை விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். நம்மை அதிகம் கொல்கிற நான்கு பாம்புகள் விஷயத்தில் சரியில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குமே வயலும் வரப்பும் தரிசும் கொல்லைப்புறமும் நன்றாக ஒத்துப்போகும். நாம் உழுத நிலம் அவற்றின் நிலமும்தான்.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். புற்றை இடிக்காமல் விட்டார்கள். கரையான் கட்டிய புற்றில் பாம்பு குடியேறும் என்பது தெரிந்ததால், அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அந்த இடத்தைச் சுற்றி நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அரசமரத்தடி நாகர் சிலைகளும் நாகர்கோவில் நாகராஜா கோயிலும் கேரளத்துச் சர்ப்பக் காவுகளும் பக்தியால் எழுந்தவை. ஆனால் நடைமுறையில் அவை ஓர் எல்லைக்கோடாகவும் இருந்தன: இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எங்களுக்கு. பாம்பு பால் குடிக்காது என்று உயிரியல் சொல்வது உண்மை. என்றாலும் பால் ஊற்றியவர்கள் அந்தப் புற்றுக்குப் பக்கத்தில் இருட்டில் கால் வைக்காமல் இருந்தார்கள் என்பதும் உண்மை.

இதைச் சொன்னவுடன் பழைய காலத்தைப் போற்றிப் பேசும் ஆசை வந்துவிடுகிறது. எனக்கு அந்த ஆசை இல்லை. பாம்போடு இணங்கி வாழ்ந்தோம் என்று பெருமையாகச் சொல்பவர்கள், அந்த இணக்கத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. கட்டிலில் படுத்தவர் கொடுக்கவில்லை, தரையில் பாய் விரித்தவர் கொடுத்தார். வரப்பின் மேல் நின்று வேலை வாங்கியவர் கொடுக்கவில்லை, வெறுங்காலோடு இறங்கி அறுத்தவர் கொடுத்தார். விடியுமுன் கழிப்பிடம் தேடி இருட்டில் முள்வேலிப் பக்கம் போன பெண்கள் கொடுத்தார்கள். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. மண்சுவர் விரிசல் வழியாக வீட்டுக்குள் வரும், தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடிக்கும். கடிவாயில் வீக்கம் இருக்காது, பெரும்பாலும் வலியும் இருக்காது, சில சமயம் பல் பட்ட தடம்கூடத் தெரியாது. நள்ளிரவில் வயிற்று வலி என்று எழுவார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். விடியும்போது இமை தொங்கிப்போகும், நாக்கு குழறும், பிறகு மூச்சு நிற்கும். நோய் என்னவென்றே தெரியாமல் எத்தனை குழந்தைகள் இப்படிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஐரோப்பியர் வந்தபோது இந்தச் சாவுகள் அவர்களையும் கலங்கடித்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், எது நச்சுப் பாம்பு, எது சாதுப் பாம்பு என்று எவரும் பார்த்ததும் சொல்லிவிட வேண்டும் என்ற நோக்கத்தோடு பாம்புகளைச் சேகரித்தார். உள்ளூர்க்காரர்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களை அப்படியே எழுதிவைத்து 1796-இல் நூலாக வெளியிட்டார். கண்ணாடிவிரியனின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அப்போது பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்த மருந்து தஞ்சாவூர் மாத்திரை. பாஷாணம் கலந்த அந்த மாத்திரையை அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். கடிபட்டவர்களில் பலர் எதுவும் கொடுக்காமலே பிழைக்கிறார்கள், ஏனெனில் கடித்தது நஞ்சில்லாத பாம்பாகவோ நஞ்சை இறக்காத கடியாகவோ இருக்கலாம் என்பதை அறியாதவரை, எந்த மருந்தும் வெற்றி பெற்றதாகவே தோன்றும். பச்சிலையும் கல்லும் மந்திரமும் இன்றுவரை புகழோடு நிலைப்பது இந்த ஒரே காரணத்தால்தான். பிழைத்தவர் சாட்சி சொல்ல வருகிறார், செத்தவர் வருவதில்லை.

அடுத்த நூற்றாண்டில் கல்கத்தாவில் ஜோசப் ஃபேரர் என்ற அறுவை மருத்துவர் இதே வேலையை இன்னும் பெரிதாகச் செய்தார். நாட்டு மருந்துகளையும் ஐரோப்பிய மருந்துகளையும் ஒன்றுவிடாமல் சோதித்து, ஒன்றும் பலிக்கவில்லை என்று கண்டார். மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து கணக்குக் கேட்டு வாங்கினார். 1869-ஆம் ஆண்டுக்கு மட்டும், நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மட்டும், 11,000-க்கு மேற்பட்ட சாவுகள் தேறின. அவருடைய பெருநூல் 1872-இல் வந்தது. மருந்து இல்லை, ஆகவே பாம்பையே ஒழிப்போம் என்ற முடிவுக்கு அரசு வந்தது. தலைக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்தார்கள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பாம்புகள் கொல்லப்பட்டதாகப் பதிவேடுகள் நிரம்பின. சாவுக் கணக்கோ ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 என்ற அளவிலேயே நின்றது. எலி இருக்கும்வரை பாம்பு இருக்கும் என்று ஏதாவது ஒரு கிராமத்துக் கிழவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அத்தனை பணத்தையும் உயிரையும் செலவழித்த பிறகுதான் அது அரசுக்குப் புரிந்தது.

வழி திறந்தது வியட்நாமில். 1891-இல் அங்கே வெள்ளம் வந்து நாகங்கள் ஒரு கிராமத்துக்குள் ஏறிப் பலரைக் கடித்தன. பிடிபட்ட பாம்புகள் சைகோனிலிருந்த பாஸ்டர் நிறுவன ஆய்வகத்துக்கு, ஆல்பர்ட் கால்மெட் என்ற இளம் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தன. சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றினால் விலங்கின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பு உருவாகிறது, அந்தச் சீரத்தை எடுத்துக் கடிபட்டவருக்குக் கொடுக்கலாம் என்று அவர் காட்டினார். 1895 வாக்கில் குதிரையிலிருந்து எடுத்த முதல் மருந்து பயனுக்கு வந்தது. எல்லாப் பாம்புக்கும் இது போதும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. நாக நஞ்சுக்குச் செய்த சீரம் கண்ணாடிவிரியனின் நஞ்சைத் தடுக்கவில்லை. ஒன்று நரம்பை முடக்குகிறது, மற்றது ரத்தத்தை உறையாமல் ஆக்கிச் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. நான்கு பாம்புகளின் நஞ்சையும் சேர்த்துக் குதிரைக்கு ஏற்றிச் செய்யும் கூட்டு மருந்து பிறகு வந்தது. இன்றும் நம் மருத்துவமனைகளில் போடுவது அந்த வகைதான்.

மருந்துக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்குப் பாம்பு வேண்டும். பாம்பை யார் பிடிப்பது? இந்த இடத்தில்தான் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பகுதி இருளர்கள் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். உண்மையில் அவர்கள் எப்போதும் இருந்தார்கள், எழுதியவர்கள்தான் பார்க்கவில்லை. மண்ணில் பாம்பு ஊர்ந்த தடத்தையும் உரித்த சட்டையையும் எச்சத்தையும் பார்த்து, எந்த வளையில் எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் அறிவு அவர்களுடையது. அந்த அறிவை நெடுங்காலம் விலைக்கு வாங்கியவர்கள் தோல் வியாபாரிகள். லட்சக்கணக்கான பாம்புத் தோல்கள் பதனிடப்பட்டுக் கைப்பைகளாகவும் இடுப்புவார்களாகவும் கடல் கடந்தன. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-இல் தோல் ஏற்றுமதி தடைபட்டது. சட்டம் சரியானது. ஆனால் அது பாம்பைக் காத்த அதே நாளில் இருளர் வீட்டு அடுப்பை அணைத்தது.

சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கியிருந்த ராமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து கண்ட வழி, 1978-இல் பிறந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் மண்பானையில் வைத்துக்கொண்டு, சில முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மறுபடி வெளியே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் செய்யப்படும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இவர்கள் எடுத்துத் தருவது. இலங்கை மருத்துவமனைகளும் இந்திய மருந்தையே வாங்கிப் போடுகின்றன. அப்படியானால் யாழ்ப்பாணத்தில் சுருட்டைவிரியன் கடித்த ஒருவர் பிழைப்பதற்கும் செங்கல்பட்டில் ஓர் இருளர் கடப்பாரையால் வளை தோண்டுவதற்கும் தொடர்பு இருக்கிறது. 2023-இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, நூறாண்டு தாமதமாக ஒரு கடன் தீர்ந்ததாகவே எண்ணினேன். முழுக்கத் தீரவில்லை. பட்டாவும் சாதிச் சான்றிதழும் கேட்டு இன்னும் அலுவலக வாசலில் நிற்கும் இருளர் குடும்பங்கள் ஏராளம்.

ஒரே பகுதியின் நஞ்சை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. ஒரே இனப் பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறுபடுவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் காட்டியிருக்கிறார்கள். ராஜஸ்தான் பாம்பு கடித்தவருக்குத் தமிழ்நாட்டு நஞ்சில் செய்த மருந்து அதே அளவில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மூக்கு விரியனுக்கு இந்தக் கூட்டு மருந்து உதவுவதே இல்லை. இருளரின் கைத்திறனைப் போல வேறு மாநிலங்களிலும் உள்ளூர் அறிவை அரசு தேடிச் சேர்த்திருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் சாவு குறைந்ததா? நாடெங்கும் வீடுவீடாகப் போய், இறந்தவர் எப்படி இறந்தார் என்று குடும்பத்தாரிடம் விசாரித்துக் கணக்கெடுத்த ஆய்வு 2011-இல் வெளியானது. 2005-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக அது சொன்னது. மருத்துவமனைப் பதிவேடுகளில் இருந்தது அதில் மிகச் சிறு பங்கு. 2020-இல் வந்த தொடர் ஆய்வு 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று கணித்தது. பெரும்பாலோர் கிராமத்தினர். பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நேர்ந்தது. பலர் மருத்துவமனை வாசலையே மிதிக்காமல் வீட்டிலேயே இறந்தவர்கள். அதனால்தான் பதிவேட்டில் அவர்கள் இல்லை. விமானம் ஒன்று விழுந்தால் நாடு அழுகிறது. இவர்கள் ஒவ்வொருவராக, வெவ்வேறு கிராமத்தில், வெவ்வேறு இரவில் சாகிறார்கள். அதனால் செய்தியாவதில்லை.

மருந்து கண்டுபிடித்து நூறாண்டுக்கு மேலாகிறது, விலையும் எட்டாததல்ல. அப்படியிருக்க மிச்சமிருப்பது கடிவாய்க்கும் மருந்துக்கும் நடுவிலுள்ள தூரம்தான். அந்தத் தூரத்தின் ஒரு பாதி வீட்டில் தொடங்குகிறது. காரைவீடு வந்தபோது விரிசல் போனது, ஆனால் கட்டி முடித்து மிஞ்சிய செங்கல் குவியல் ஆண்டுக்கணக்கில் சுவரோரம் கிடக்கிறது. மின்விளக்கு வந்தது, ஆனால் கொல்லைக்குப் போகும் வழியில் இல்லை. கழிப்பறை கட்டப்பட்டது, பல ஊரில் தண்ணீரில்லாமல் அதில் விறகு அடுக்கியிருக்கிறார்கள். கட்டில் வாங்கியவர்கள்கூடக் கோடை வெக்கையில் தரையில்தான் படுக்கிறார்கள். கொசுவலையின் நான்கு ஓரத்தையும் பாய்க்கடியில் செருகிவிட்டுத் தூங்குவது கட்டுவிரியனுக்கு எதிராக நம்மிடமுள்ள மலிவான காவல். கொசுவுக்காக வாங்கிய வலை கூடுதலாக இதையும் செய்கிறது. அறுவடைக் கூலியாளுக்கு முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்சு வாங்கித் தரும் நிலக்காரரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வேலை வாங்குகிறவரின் கடமை அது. ஆந்தையை அபசகுனம் என்று விரட்டுவதும், எலிக்கு விஷம் வைத்து அந்த எலியைத் தின்ற பறவைகளையும் கொல்வதும், சாரையைக் கண்டால் தடி எடுப்பதும், எலியைப் பெருக்கி விரியனை அழைக்கும் வேலைகள்.

மறுபாதி அரசின் பொறுப்பு. கடிபட்டவரை அசையாமல் வைத்து, கயிறு கட்டாமல், கீறாமல், உடனே வண்டி ஏற்ற வேண்டும் என்று ஊரார் இப்போது ஓரளவு அறிவார்கள். 108 வண்டியும் வருகிறது. ஆனால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துக் குப்பி குளிர்பெட்டியில் இருந்தும் போடாமல், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது இன்னும் நடக்கிறது. குதிரைச் சீரம் சிலருக்கு ஒவ்வாமையால் உயிராபத்தைத் தரலாம் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் வீணானது அல்ல. இரவில் தனியாக இருக்கும் இளம் மருத்துவர், ஏதாவது ஆனால் உறவினர் கூட்டம் தன்மேல் பாயும் என்பதையும் நினைப்பார். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தவணையை அங்கேயே தொடங்கும் பயிற்சியும், தொடங்கியவருக்குத் துணைநிற்கும் நிர்வாகமும் இருந்தால் மாவட்ட மருத்துவமனைக்கான அந்த நெடும்பயணம் பாதிச் சாவாக இராது.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் சாவைப் பாதியாக்க வேண்டும் என்ற இலக்கோடு 2024 மார்ச்சில் இந்திய அரசு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் இனி ஒவ்வொரு கடியையும் தெரிவித்தாக வேண்டும். எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், எந்தப் பாம்பு, கடித்து எத்தனை மணி நேரம் கழித்து மருந்து, என்ன முடிவு என்பவை ஊர்வாரியாக வெளியிடப்பட வேண்டும். வீட்டிலேயே இறந்தவர்களைக் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் கிராமச் செவிலியர் வழியாகவும் அதில் சேர்க்க வேண்டும். ஃபேரர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்ட கணக்கு அது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் எந்தச் சுகாதார நிலையத்துக்கு எத்தனை குப்பி அனுப்புவது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.