சின்னக் கடையை யார் தேடி வருவார்?

"எங்கட சின்னக் கடையை எவன் வந்து உடைக்கப் போறான்?" கணினிப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் பலர் சொல்லும் பதில் இதுதான். ஐந்துசந்திக்கு அருகே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் மாமாவும் இதையே சொல்வார்.

மனிதத் திருடனைப் பொறுத்தவரை இந்தப் பதில் சரியானதே. எந்தக் கடையில் எவ்வளவு இருக்கும், எந்தப் பூட்டு இலகுவில் உடையும் என்று அவன் கணக்குப் பார்ப்பான். ஆனால் இணையத்தில் இன்று கதவைத் தட்டுவது பெரும்பாலும் மனிதன் அல்ல, ஒரு கணினி நிரல். அதற்குச் சிறியது பெரியது தெரியாது, களைப்பும் இல்லை. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேகமான இணைப்புள்ள ஒரேயொரு கணினியால் இணையத்தின் பொது முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று செய்து காட்டினார்கள். அன்று வழக்கிலிருந்த முகவரி முறையில் மொத்தம் 400 கோடிக்கு மேற்பட்ட எண்கள். அந்த வேகத்தில் ஓடும் ஒன்றுக்கு கொழும்பு வங்கியும் எமது தெருக்கடையும் ஒரே வரிசையில் வரும் இரண்டு எண்கள்தான்.

2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் இதற்கு நல்ல உதாரணம். அது பெரிய மூளைவேலை எதுவும் செய்யவில்லை. இணையத்தில் கிடந்த சீசீடீவி பதிவுக் கருவிகளையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்து, தொழிற்சாலையில் இட்டனுப்பிய அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. இலட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. கமெராவின் சொந்தக்காரர்களுக்கோ ஒன்றுமே தெரியாது.

மாமாவின் கடையிலும் நான்கு கமெராக்கள் உண்டு. பூட்டிவிட்டுப் போனவர், கைபேசியில் எப்படிப் பார்ப்பது என்று மட்டும் காட்டினார். பெட்டியோடு வந்த கடவுச்சொல் அப்படியே இருந்தது. கள்ளனைப் பிடிக்கப் பூட்டிய கருவிக்கே பூட்டு இல்லை!

சரி, உள்ளே வந்தால் என்ன போகும்? கமெராவால் போவது குறைவு. கணக்குக் கணினிக்குள் வந்தால்தான் ஆபத்து. கோப்புகளையெல்லாம் வாசிக்க முடியாதபடி பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பார்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும் என்பதெல்லாம் அதற்குள். 1990 ஒக்டோபர் 30இல் எம்மவர் சில மணி நேரத்தில் இம்மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டபோது கடன் கொப்பிகளும் கடையோடு நின்றுவிட்டன என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொருளை இழந்தது ஒரு நட்டம். தனக்கு வரவேண்டியதைக் கேட்க ஆதாரமே இல்லாமற் போனது இன்னொரு நட்டம். இரண்டாவதைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டவளுக்கு, கணக்கின் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

அரசாங்கமே தப்பவில்லை. 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரச மேகக் கணினிச் சேவை இவ்வாறு தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாது போயின. ஏறத்தாழ 5000 முகவரிகள். மென்பொருள் பழையது, அந்தக் காலத்துக்கு வலையமைப்புக்கு வெளியே பிரதி இல்லை. கோடிகள் செலவிடும் இடத்தில் இல்லாத அந்தப் பிரதி, ஒரு சிறு கடைக்கு ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். ஆனால் எடுத்தவுடன் அதைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். செருகியபடி விட்டால் பூட்டுகிறவன் அதையும் சேர்த்தே பூட்டுவான்.

இருந்தும், எல்லாப் பாரத்தையும் கடைக்காரர் தலையில் ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன். ஆணி விற்கிறவர் எப்படி நிரல் படித்திருப்பார்? பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதற்குச் சட்டப்படி தடை. பொறுப்பு செய்பவருக்கும், இறக்குமதி செய்பவருக்கும், விற்பவருக்கும் உரியது. இங்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். கமெரா பூட்ட வருகிறவர் கடைக்காரர் முன்னிலையில் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்த பிறகே காசு வாங்க வேண்டும். பில்லில் அதற்கொரு வரி போட்டால் என்ன?

இன்னொரு கூட்டத்தை யாரும் கடை என்றே எண்ணுவதில்லை. வீட்டிலிருந்து அபாயா தைத்தும் கேக் செய்தும் முகநூலில் விற்கும் எம் உம்மாமார், ராத்தாமார். அவர்களின் கடை ஒரு கடவுச்சொல்லில் தொங்குகிறது. எங்கோ ஒரு தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொற்களை எடுத்து மற்றத் தளங்களிலும் தானாகவே போட்டுப் பார்க்கும் நிரல்கள் உண்டு. ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைத்திருப்பவரின் பக்கம் ஒரே இரவில் பறிபோகலாம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர் பெயர்களும் அதோடு போகும். இருபடி உறுதிப்படுத்தலைப் போட்டுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கைபேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். தாக்குதல் நடந்துவிட்டால் இலங்கைக் கணினி அவசர உதவிக் குழுவை 101 என்ற எண்ணில் அழைக்கலாம்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நாங்கள் ஒப்படைக்காகக் கற்பனைக் கடைகளுக்குத் தரவுத்தளம் அமைக்கிறோம். அடுத்த தவணை விடுமுறையில் இருவர் இருவராகச் சேர்ந்து உண்மையான வீடுகளுக்கும் கடைகளுக்கும் போனால் என்ன என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். இதுவரை ஏழு பேர் பெயர் தந்திருக்கிறார்கள்.