மறுபடி நிரப்பிய தோட்டாவும் நம்ம இன்ஸ்பெக்‌ஷனும்



தோட்டாவைப் பற்றி டிப்ளமோ மாணவனுக்கு என்ன பேச்சு என்று நினைக்காதீங்க. நம்ம தரக்கட்டுப்பாட்டுப் பாடம் முழுசும் அதுக்குள்ளே இருக்கு!

அமெரிக்காவில், சுட்டு முடித்த கைத்துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சேகரித்து, அளவு திருத்தி, புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து வியாபாரமாகவே விற்கிறார்கள். விலை மலிவு. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். பழசை வீணாக்காத அருமை எனக்குத் தெரியும். அதில் தப்பே இல்லை. ஆனால் சோதனை?

70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, விரிந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் இறுகும் (ஒர்க் ஹார்டனிங்னு படிச்சோமே!), கடைசியில் விரிசல் விடும். அதைவிட ஆபத்து மருந்தின் அளவு. மருந்தே விழாவிட்டால், பிரைமர் வேகத்தில் குண்டு குழாய்க்குள் போய்ச் சிக்கும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கலாம். சில மருந்துகள் பாதிக் கூடுகூட நிரப்பாது; இரண்டு தடவை விழுந்தாலும் குண்டு ஒழுங்காகவே உட்காரும். 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர் சங்கம் வைத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இரட்டை மருந்து அதை வெகுவாகத் தாண்டிவிடும். இந்தத் தோட்டாவைப் போட்டால் வாரண்டி கிடையாது என்று பல துப்பாக்கிக் கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன.

நூற்றுக்கு ஐந்து எடுத்துப் பார்க்கும் சாம்பிளிங் இங்கே போதுமா? போதாது என்பேன். குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்க்கணும். மூடிய பிறகு வாங்குகிறவனுக்கு உள்ளே என்ன தெரியும்? அவன் விரலையும் கண்ணையும் காப்பாற்றுவது, மூடுவதற்கு முன் எட்டிப் பார்த்த தொழிலாளிதான்.

நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் முத்திரை நம்ம கைக்கு வரும். பார்க்காத பொருளுக்கு முத்திரை குத்தமாட்டோம்!