திருப்பூரில் மாதர் சமத்துவம்

மாதரின் உரிமையைக் குறித்து இக்காலத்திற் பேசுவோர் பலர். எழுதுவோர் அதனினும் பலர். "பெண்கள் படிக்கின்றனர், பொருளீட்டுகின்றனர், சட்டசபையிலும் அமர்கின்றனர், இன்னும் அவர்கள் வேண்டுவதுதான் யாது?" என்று வினவும் நண்பர்களை நம் கல்லூரி விடுதியிலேயே காணலாம். அவர்களுக்கு விடை கூற அயல்நாடுகளின் சரித்திரத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. நம் மாணவரிற் பலருடைய பெற்றோர் உழைக்கும் திருப்பூர் ஒன்றே போதும்.

1925ஆம் ஆண்டளவில் ஒரு சிறு பின்னல் ஆலையோடு தொடங்கிற்று அவ்வூரின் பனியன் தொழில். 1970களின் பிற்பகுதியில் அது கடல் கடந்த வாணிபமாயிற்று. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவ்வூர் ஆடையை அணியாத நகரம் அரிது. இவ்வளர்ச்சிக்குக் காரணம் யாதெனின், "உழைப்பு" என்றே ஊரார் ஒருமுகமாய்க் கூறுவர். கைமடியாகச் சேர்ந்த சிறுவன் பவர் டேபிளில் தைக்கக் கற்று, கட்டிங் மாஸ்டராகி, காண்டிராக்ட் எடுத்து, முடிவிற் சொந்தக் கம்பெனிக்குப் பெயர்ப்பலகை மாட்டிய கதைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இவ்வரலாற்றை ஆராய்ந்த ஷரத் சாரி என்பார் 2004இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலுக்குச் "சகோதர மூலதனம்" என்று பொருள்படும் பெயரை இட்டார். பெயர் மிகப் பொருத்தமே. சகோதரர் உயர்ந்தனர், சகோதரிகள் எங்கே?

அவர்கள் ஆலையில் இல்லாமற் போகவில்லை. 1984இல் பஞ்சப்படி வேண்டித் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னர்க் காண்டிராக்ட் முறையும் பீஸ் ரேட்டும் பரவின, ஏற்றுமதியும் பெருகிற்று, பெண்களும் பெருந்தொகையினராய் வந்து சேர்ந்தனர். இன்று அத்தொழிலிற் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. பிசிர் வெட்டுவோர், செக்கிங் செய்வோர், மடித்துப் பெட்டியில் அடுக்குவோர் யாரென்று பாருங்கள். பெரும்பாலும் பெண்களாகவே இருப்பர். பவர் டேபிளிலும் இன்று பெண்கள் அமர்ந்து தைக்கின்றனர். ஆனால் துணி வெட்டும் மேசையிலும், மேற்பார்வையிலும், காண்டிராக்டிலும் ஆடவரே மிகுந்து காணப்படுகின்றனர்.

"சம வேலைக்குச் சம ஊதியம்" என்பதை நம் அரசியல் சாசனம் ஒரு நெறியாக ஏற்றது. 1976இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. நன்றே. எனினும், வேலையே இருவேறாகப் பகுக்கப்பட்டிருக்குமாயின் அச்சட்டம் செய்யத்தக்கது யாது? பிசிர் வெட்டுவோர் அனைவருக்கும் ஒரே கூலி கொடுத்துவிட்டு, அவ்வேலைக்குப் பெண்களையே அமர்த்தினால், கணக்குப் புத்தகத்திற் குற்றமிராது. ஏணியின் அடிப்படியில் நிற்பவள் அங்கேயேதான் நிற்பாள். சமத்துவத்தை அளக்கத்தக்கது அடிப்படியின் கூலியன்று; மேற்படிக்குச் செல்லும் வழியே.

பெண் உழைத்தும் உயராமைக்குச் சோம்பலோ அறிவின்மையோ காரணமன்று. கம்பெனி தொடங்கிய ஆடவர் பலருக்குக் குடும்ப நிலம் கைமுதலாயிற்று. பெண்ணுக்கோ நிலத்திற் பங்கில்லை. பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு மகாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டிற் குடும்பச் சொத்திலே மகளுக்குச் சமபங்கு அளித்த சட்டம் வந்ததோ 1989இல். தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையே அறுபது ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறைச் சகோதரர் முதலாளிகளாகிவிட்டனர். மேலும், ஆர்டரும் கடனும் ஆடவர் கூடும் இடங்களிற் பேசி முடிக்கப்படுவன. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரை மணிக்குமேல் வீடு சேர்ந்து உலை வைப்பவளுக்கு அங்கு நிற்க நேரமேது?

"மணமானதும் வேலையை விட்டுப் போகிறவர்களுக்குத் தொழில் கற்பித்துப் பயன் என்ன?" என்பர் சிலர். அவர்கள் விருப்பத்தோடா போகின்றனர்? குழந்தையை விட்டுச்செல்ல இடமின்மையாலும் பலர் போகின்றனர். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உழைக்கும் ஆலையிற் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. அக்காப்பகம் உண்மையில் நடந்துவரும் ஆலையில், இவ்வாட்சேபத்தின் வலிமை பாதி குறையும்.

திருப்பூருக்கு நூல் அளிக்கும் மில்களை நோக்கினால் உண்மை இன்னும் தெளிவாகும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் முதலிய பகுதிகளின் மில்கள் பலவற்றில் "சுமங்கலித் திட்டம்" என ஒன்று வழங்கிற்று. ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை மூன்றாண்டுகள் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாய்த் தந்தனர். நோயாலோ துயராலோ நடுவில் விலகிய பலர் அதனை இழந்தனர். 2011இல் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் இதனை உலகறியச் செய்தன. அப்பணம் எதற்கு? திருமணத்திற் கொடுக்கும் சீதனத்திற்கு! வரதட்சிணையை 1961இலேயே சட்டம் விலக்கிய நாட்டில், அதன் பெயராலேயே ஆள் சேர்த்தனர். ஆடவனின் உழைப்பு அவனுக்கு மூலதனமாயிற்று; பெண்ணின் உழைப்பு பிறன் வீட்டுக்குச் சீதனமாயிற்று. இவ்வொரு வேற்றுமை நீங்காதவரை, சமத்துவம் எய்திவிட்டோம் என்பது பொருந்தாது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. திண்டுக்கல் ஜில்லாவின் ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியிற் கொலையுண்டாள். அதன்பின், பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் "திண்டுக்கல் ஒப்பந்தம்" என்பதைப் பெற்றது. ஆலையினுள் நிகழும் பாலியல் தொல்லையைக் கண்காணித்து அறிவிக்கும் பொறுப்பு அதனாற் பெண் தொழிலாளரிடமே வந்தது. பிறர் அளிக்கும் பாதுகாப்பினும், தாமே கைக்கொள்ளும் அதிகாரம் பெரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நீதிமொழிகள் ஆகமத்தின் இறுதி அதிகாரத்திற் புகழப்படும் குணசாலியான ஸ்திரீயை நம் கல்லூரி ஆலயத்திற் பலகாற் கேட்டிருக்கிறோம். அவளை அடக்கத்திற்கு மாத்திரம் உதாரணமாகக் காட்டுவோர் உளர். ஆனால் அவள் யார்? ஆடை நெய்து வணிகரிடம் விற்பவள். தன் வருவாயால் நிலம் வாங்கித் திராட்சத்தோட்டம் நாட்டுபவள். அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்க வேண்டுமென்று அவ்வதிகாரம் முடிகிறது. திருப்பூர்ப் பெண் கேட்பதும் இதனின் வேறன்று.

மாணவ நண்பர்களே, நாளை உங்களிற் சிலர் அவ்வாலைகளிற் கணக்கரும் மேலாளரும் ஆவீர்கள்; சிலர் முதலாளிகளும் ஆகலாம். அன்று, கட்டிங் மேசையில் ஓரிடம் காலியாகும்போது, செக்கிங் மேசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சமத்துவம் எய்திற்றா என்னும் வினாவிற்கு அன்று நீங்கள் செய்வதே விடையாகும்.